இரண்டு துறைகளின் கல்யாணம்

ஹைதராபாத் பேகம்பேட்டில் விமான நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த போஜன்டெக் நிறுவனத்தில், ஓர் ஆவணி மாதத் திங்கட்கிழமை காலை, ராகு காலம் முடிந்த கையோடு இரண்டு துறைகளுக்குக் கல்யாணம் நடந்தது.

மணமகள், தரைத்தளத்தில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் குடியிருந்த தொழில்நுட்ப எழுத்துத் துறை. இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்று எழுதுவது அதன் வேலை. அதை யாரும் படிப்பதில்லை. மணமகன், மூன்றாம் மாடியில் ஜன்னலோரமாக வசித்த விளம்பர எழுத்துத் துறை. இயந்திரம் எவ்வளவு அற்புதமானது என்று எழுதுவது அதன் வேலை. அதை யாரும் நம்புவதில்லை. ஆகவே பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று மனிதவளத் தலைவர் சுந்தரேசன் அறிவித்திருந்தார்.

மேஜைமேல் இரண்டு கணினிகளை வைத்து மாலை போட்டிருந்தார்கள். சிடியில் நாகஸ்வரம் ஒலித்தது. கெட்டிமேளம் வந்ததும் விளம்பரத் துறைத் தலைவர் ஷ்யாம் ஒரு நீல நிற நெட்வொர்க் கேபிளை எடுத்து இரண்டு கணினிகளையும் சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டார். ஊழியர்கள் தெர்மாகோல் உருண்டைகளை அட்சதையாகத் தூவினார்கள். அவை எல்லோர் தலையிலும் ஒட்டிக்கொண்டு மாலைவரை உதிரவில்லை.

பெண் வீட்டார் வரிசையில் நின்ற வேதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதிரே மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நின்ற இளங்கோவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் கண்ணடிக்கலாம். அவன் அவளுடைய கணவன். அந்தக் கூடத்தில் உண்மையாகவே கல்யாணமான ஜோடி என்று எடுத்துக்கொண்டால் அவர்கள் மட்டும்தான்.

ஷ்யாம் சிகாகோவிலிருந்து திரும்பியவர். பேசும்போது உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டிருப்பது போலவே பேசுவார்.

"இதுவரைக்கும் நம்ம கம்பெனியில உண்மை ஒரு ஃப்ளோர்லயும் அழகு ஒரு ஃப்ளோர்லயும் இருந்தது. ரெண்டும் லிஃப்ட்ல கூட சந்திச்சதில்ல. இனிமே ஒவ்வொரு எழுத்தாளரும் ரெண்டையும் எழுதுவார். நம்ம மேனுவல் விக்கும். நம்ம விளம்பரம் சொல்லிக்கொடுக்கும். எது உண்மை, எது அழகுன்னு..."

விமானம் ஒன்று மேலே போயிற்று. ஜன்னல்கள் அதிர்ந்தன. ஷ்யாம் கையை ஏந்தியபடியே காத்திருந்தார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"...யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு நிலைமையை உருவாக்குவோம். அதுதான் நம்ம லட்சியம்."

பலத்த கைதட்டல். புதிய துறைக்கு 'முழுமை எழுத்து மையம்' என்று பெயரிட்டார்கள். லட்டு கொடுத்தார்கள்.

லட்டு தீர்வதற்குள் சுந்தரேசன் வேதாவையும் இளங்கோவனையும் தன் அறைக்கு அழைத்தார். அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', எதற்கு என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது அவர் தமிழில் கலந்துவரும். ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றபோது, நினைவுப் பரிசாகக் கடிகாரம் வேண்டாம், விதிப் புத்தகம் போதும் என்று வாங்கி வந்தவர் என்று சொல்வார்கள்.

"உக்காருங்கம்மா. லட்டு ஆச்சா? ஒரு சின்ன விஷயம். ஒரே டிபார்ட்மென்ட்ல சொந்தக்காரங்க ரெண்டு பேர் வேலை பார்க்கக் கூடாது. ரூல்."

"நாங்க வேற வேற டிபார்ட்மென்ட் சார்," என்றாள் வேதா.

"காலைல வரைக்கும். இப்போ டிபார்ட்மென்டுக்குக் கல்யாணம் ஆயிடுச்சே."

"எங்களுக்கு அதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு சார். ரெண்டு வருஷம் ஆகப் போகுது."

"ஹவ், ஹவ். நானும் வந்து சாப்ட்டேனே. ஆனா ரிகார்டுல டிபார்ட்மென்ட் கல்யாணம்தான் பெருசு. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் குர்கான் ஆபீஸுக்குப் போகணும். கைக்கு டென்ஷன்? நல்ல ஊரு. வெயில் காலத்துல வெயிலு, குளிர் காலத்துல குளிரு."

இளங்கோவன் வேதாவைப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

கல்யாணமான முதல் வருஷம் அவள் சென்னையில் வேலை பார்த்தாள், அவன் இங்கே. அந்த வருஷம் முழுக்க அவர்கள் குடும்பம் நடத்தியது சார்மினார் எக்ஸ்பிரஸில். சனிக்கிழமை காலை நாம்பள்ளி ஸ்டேஷனில் இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை மாலை அதே நடைமேடையில் ஏறுவாள். அவன் வாங்கிக்கொடுத்த மல்லிகைப் பூ காஜிப்பேட் தாண்டுவதற்குள் வாடிவிடும். இந்த நிறுவனத்தில் அவளுக்கும் வேலை கிடைத்து, சனத்நகரில் இரண்டு அறை வீடு பிடித்து, ஒரே குக்கரில் இருவருக்கும் சோறு வைக்கத் தொடங்கி ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதை மறுபடி ரயிலில் ஏற்ற இருவருக்கும் மனமில்லை. வேலையை விடலாம் என்றால், இடையில் விலக மாட்டோம் என்று எழுதிக்கொடுத்த பாண்டு முடியும்வரை இருவருடைய பட்டச் சான்றிதழ்களும் சுந்தரேசனின் பீரோவில் இருந்தன. சாவி அவருடைய பூணூலில் இருந்தது.

"யார் போறதுன்னு நீங்க சண்டை போட வேணாம்," என்றார் சுந்தரேசன் அன்பாக. "மாசக் கடைசில எழுத்துத் தேர்வு வைக்கிறோம். உண்மையையும் அழகையும் யார் நல்லா கலக்கறாங்களோ அவங்க இங்க. மத்தவங்க அங்க."

மறுநாளே பயிற்சி தொடங்கியது.

போஜன்டெக் தயாரித்தது ஒரே ஒரு பொருள். தொழிற்சாலை உணவகங்களில் வைக்கும் டோக்கன் இயந்திரம். தொழிலாளி தன் அட்டையைச் செருகினால், அன்றைய சாப்பாட்டுக்கு ஒரு டோக்கன் வரும். ஷ்யாம் அப்படி ஒரு டோக்கனை வேதாவின் கையில் கொடுத்தார்.

"இது என்ன?"

"டோக்கன் சார்."

"நல்லாப் பாருங்க."

வேதா நல்லாப் பார்த்தாள். "சாம்பார் சாதம் டோக்கன் சார்."

"இது ஒரு வாக்குறுதி, வேதா. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்குக் குடுக்கற வாக்குறுதி."

வேதா டோக்கனைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் தேதி மட்டும் இருந்தது. ஆனாலும் குர்கானை நினைத்து, "ஆமா சார், தெரியுது," என்றாள்.

மூன்றாம் மாடியில் எதிர்ப்பக்கப் பயிற்சி நடந்தது. விளம்பரக்காரர்களுக்கு உண்மையைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு ஸ்டெல்லாவிடம் இருந்தது. நாகர்கோவில்காரி. தொழில்நுட்பப் பிரிவில் எல்லோருக்கும் மூத்தவள். அவளிடம் முதலில் மாட்டியவன் சங்கர் என்ற கோயம்புத்தூர் பையன்.

"'உலகின் தலைசிறந்த டோக்கன் இயந்திரம்'. இது யாரு எழுதுனது?"

"நான்தாங்க மேடம்."

"உலகத்துல எத்தனை டோக்கன் மெஷின் பாத்துருக்கீங்க தம்பி?"

சங்கர் யோசித்தான். "மூணுங்க."

"அப்ப 'மூணுல நல்லது'ன்னு எழுதுங்க."

அந்த வார ஆங்கிலப் பத்திரிகையில் போஜன்டெக்கின் கால் பக்க விளம்பரம் வந்தது. 'நாங்கள் பார்த்த மூன்று இயந்திரங்களில் இதுவே நல்லது. காகிதம் சிக்காதவரை.' கீழே, விளம்பரமும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற கொள்கைப்படி, இயந்திரத்தில் வரக்கூடிய எல்லாக் கோளாறுகளும் எண்ணிட்டுத் தரப்பட்டிருந்தன. அன்று வந்த தொலைபேசி அழைப்பு ஒன்றுதான். மற்ற இரண்டு இயந்திரங்கள் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார்.

பயிற்சி வீட்டுக்கும் வந்தது. ஒருநாள் காலை இளங்கோவன் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தான்.

"ஸ்டெப் ஒண்ணு, ஃப்ரிட்ஜைத் தொறந்தேன். ஸ்டெப் ரெண்டு, தயிரைத் தேடுனேன். ஸ்டெப் மூணு, தயிர் இல்ல."

"அது தயிர் இல்லாத ஃப்ரிட்ஜ் இல்லைங்க," என்றாள் வேதா குளியலறையிலிருந்து. "அது ஒரு எதிர்பார்ப்பு."

"எதிர்பார்ப்பைச் சோத்துல ஊத்தித் திங்க முடியாது வேதா."

"அதை ஸ்டெப் நாலுன்னு சொல்லணும்."

சிரித்துவிட்டு இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். யார் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்களோ அவர்கள் மற்றவரை ரயிலேற்றுகிறார்கள் என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது.

முழுமை எழுத்து மையத்தின் முதல் மேனுவல் வெளிவந்தது. அதை முதலில் பெற்றது பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் உணவகம். அங்கே மேற்பார்வையாளர் தேவசகாயம், ஸ்டெல்லாவின் கணவர். போஜன்டெக்கின் இயந்திரத்தை வாங்கியிருந்த ஒரே வாடிக்கையாளரும் அவர்தான். மேனுவல் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே, சாப்பாடு நின்றுவிட்டது, யாராவது வாருங்கள் என்று அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஷ்யாம் வேதாவையும் இளங்கோவனையும் அனுப்பினார். ஷேர் ஆட்டோவில் பன்னிரண்டு பேரோடு நெருக்கியடித்துப் போய் இறங்கினார்கள்.

உணவகத்தில் வரிசை வாசலைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி நின்றது. வரிசையின் தலையில், இயந்திரத்தின் முன்னால், ஓர் இளைஞன் சங்கிலியில் கட்டித் தொங்கவிடப்பட்ட தடிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கம்மா, வாங்க தம்பி," என்றார் தேவசகாயம். "முந்தி இந்தச் செவத்துல மூணு வரி ஒட்டிருந்துச்சு. கார்ட போடு, டோக்கன எடு, போயிட்டே இரு. அத உங்க ஆபீஸ்லேருந்து வந்து கிழிச்சுட்டு இதக் கட்டிட்டுப் போனாவ. படிச்சிட்டுத்தான் மெஷினத் தொடணும்னு ஆர்டர். கார்ட எங்க சொருகணும்ங்குறது நாலாம் அத்தியாயத்துல வருது. அதுக்கு முன்னால பசியோட வரலாறு."

"படிக்கச் சிரமமா இருக்கா?" என்று வேதா கேட்டாள்.

"சிரமமா? சொகமா இருக்குன்னுதான சொல்லுதேன். மொத அத்தியாயத்துல அம்ம சோறு போடுத எடம் வருது பாத்துக்கிடுங்க. அதப் படிச்சிட்டு ரெண்டு பயலுவ லீவு எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டானுவ. ஒரு ஒடிசாக்காரப் பையனுக்கு இங்கிலீசு தெரியாது. அடுத்தவன் இந்தில வாசிச்சுச் சொன்னான். அந்தா மூலைல இருந்து அழுவுதான் பாருங்க."

மூலையில் ஒருவன் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தான்.

"அந்த அத்தியாயம் யாரு எழுதுனது?" என்று தேவசகாயம் கேட்டார்.

இளங்கோவன் தரையைப் பார்த்தான். பெருமையை எங்கே ஒளித்துவைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "நான்தாண்ணே."

"நல்லாருக்கு. எனக்கே கண்ணு கலங்கிட்டு. ஆனா ஒருத்தன் வயித்துக்குள்ளயும் சோறு போவல."

வேதா ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, 'கார்டைப் போடு, டோக்கனை எடு' என்று இந்தியிலும் தெலுங்கிலும் எழுதி இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டினாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது. தேவசகாயம் இருவருக்கும் தட்டு நிறையச் சாப்பாடு போட்டார். ஒடிசாக்காரப் பையனுக்கு இளங்கோவனே பரிமாறினான். அவன் இன்னொரு தடவை அழுதான்.

இதைக் கேட்டதும் ஷ்யாம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அழுதாங்களா? மேனுவலைப் படிச்சு அழுதாங்களா?"

"சாப்பிடலை சார்," என்றாள் வேதா.

"சாப்பாடு யாரு வேணும்னாலும் குடுப்பாங்க, வேதா. நாம ஒரு மனுஷனை அவன் அம்மாகிட்டயே அனுப்பி வெச்சிருக்கோம்." உடனே அடுத்த பதிப்பில் அப்பாவையும் சேர்க்கச் சொன்னார்.

தேர்வு நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நான் ஜெயிச்சா நீ குர்கான். நீ ஜெயிச்சா நான் குர்கான்," என்றான் இளங்கோவன்.

"ரெண்டு பேரும் தோத்தா?"

"ரெண்டு பேரும் குர்கான்."

வேதா முகம் மலர்ந்தாள். "அது பரவால்லியேங்க."

"அங்கயும் ஒரே டிபார்ட்மென்டுத்தான இருக்கும். அங்கருந்து ஒருத்தரைக் கல்கத்தாவுக்கு அனுப்புவாங்க."

ஜெயிக்கவும் கூடாது, தோற்கவும் கூடாது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. தேர்வுக்கு வீட்டிலேயே எழுதிவரச் சொல்லிக் கொடுத்திருந்த தலைப்பில் இருவரும் சேர்ந்து ஒரே கட்டுரையை எழுதி, ஆங்காங்கே நான்கு சொற்களை மாற்றி, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவது. அவள் ஒரு வாக்கியம் எழுதினாள், அவன் அடுத்ததை எழுதினான். அவன் எழுதிய 'என்றென்றும்' எல்லாவற்றையும் அவள் அடித்தாள். அவள் எழுதிய 'கவனம்' எல்லாவற்றையும் அவன் அடித்தான். அடித்ததற்காக அவள் கோபித்துக்கொண்டாள். அவன் காபி போட்டுக்கொண்டு வந்தான். அவனுடைய ஓர் உவமையை அவள் தன்னுடையது என்று சாதித்தாள். சாயங்காலம் முடித்துப் படித்துப் பார்த்தபோது, எந்த வரி யாருடையது என்று உண்மையாகவே இருவருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி அத்தனை நேரம் அவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தது அன்றுதான். குர்கான் அன்று மத்தியானம் முழுக்க இருவர் நினைவிலும் வரவில்லை.

தேர்வுக் குழுவில் ஷ்யாமும் சுந்தரேசனும் இருந்தார்கள். இரண்டு கட்டுரைகளையும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். ஷ்யாம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தாள்களையும் முகர்ந்தும் பார்த்தார்.

"இதுல உண்மை எது, அழகு எதுன்னே தெரியலை," என்றார் பிரமிப்போடு. "யார் எழுதினது எதுன்னும் தெரியலை. சுந்தரேசன் சார், நாம சாதிச்சிட்டோம். ஆனா இப்போ யாரை அனுப்பறது?"

சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். முப்பது வருஷப் பணியில் அவர் காத்திருந்த தருணம் அது.

"யாரையும் அனுப்ப நக்கோ," என்றார். "ரெண்டு எழுத்தாளர் இருந்தா ரெண்டு எழுத்து இருக்கணும். இங்க ஒரு எழுத்துத்தான் இருக்கு. அப்போ எழுத்தாளர் எத்தனை? ஒண்ணு. ஒரு ஆள் தனக்குத்தானே சொந்தக்காரன் ஆக முடியுமா? முடியாது. அப்போ ரூல் எங்க உடையுது? உடையலை. ரூலைக் காப்பாத்த ஒரு ஊழியரைக் குறைக்கறது தப்பில்லை. இதுவரைக்கும் எவ்வளவோ காப்பாத்தியிருக்கேன்."

அன்றிலிருந்து வேதாவும் இளங்கோவனும் போஜன்டெக்கின் பதிவேட்டில் ஒரே ஊழியர். பெயர் வேதா இளங்கோவன். ஊழியர் எண் ஒன்று, நாற்காலி ஒன்று, அடையாள அட்டை ஒன்று. அட்டையில் இடப்பாதியில் வேதாவின் முகம், வலப்பாதியில் இளங்கோவனின் முகம். பொட்டு பாதி, மீசை பாதி. சம்பளம் மட்டும் குறையவில்லை. இரண்டாவது சம்பளத்துக்குச் சுந்தரேசன் 'கூடுதல் சிந்தனைப் படி' என்று பெயர் வைத்துக் கொடுத்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை.

ரயிலேற வேண்டாம் என்பதால் இருவருக்கும் மற்றதெல்லாம் வேடிக்கையாகவே இருந்தது. காலையில் காவலாளி அட்டையைப் பார்த்துவிட்டு இருவரையும் ஒட்டி நிற்கச் சொல்வான். அலுவலகத்திலேயே கையைக் கோத்துக்கொண்டு நுழைய விதியால் கட்டாயப்படுத்தப்பட்ட தம்பதி அந்த நகரத்தில் அவர்கள் மட்டுமாகத்தான் இருந்திருப்பார்கள். இளங்கோவனுக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது பதிவேட்டில் அரைநாள் விடுப்பு எழுதினார்கள். பிறந்தநாள் கேக் வெட்டுவதில்தான் சிக்கல் வந்தது. அவளுக்குச் சித்திரை, அவனுக்கு ஐப்பசி. கூட்டம் போட்டு விவாதித்து, இரண்டுக்கும் நடுவில் ஆடி மாதத்தில் ஒரு தேதியைக் கண்டுபிடித்தார்கள்.

வருடாந்தர மதிப்பீட்டில் ஷ்யாம் எழுதினார்: 'திறமையான ஊழியர். தனக்குத்தானே அதிகம் பேசிக்கொள்கிறார்.'

இதோடு விட்டிருந்தால் போஜன்டெக் நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் வெற்றி ஷ்யாமைச் சும்மா விடவில்லை.

"ஒரு ஜோடி இவ்வளவு செய்யும்னா, எல்லாரும் ஜோடியானா?" என்று கூட்டத்தில் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் பலகையில் ஜோடி ஜோடியாகப் பெயர்களை எழுதினார். ஒரு வாரத்தில் தரைத்தளத்தார் ஒவ்வொருவரும் மூன்றாம் மாடிக்காரர் ஒருவரோடு ஒரே ஊழியராக்கப்பட்டார்கள். ஸ்டெல்லாவும் சங்கரும் ஒருவரானார்கள்.

அந்த அடையாள அட்டையை ஸ்டெல்லா வீட்டில் தோசைக்கல் பக்கத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். தேவசகாயம் எடுத்துப் பார்த்தார். தன் மனைவியின் மூக்குக்குக் கீழே பாதி மீசை தொடங்குவதைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானப் பந்தியைக் கூடப் பார்க்காமல் பட்டான்செருவிலிருந்து பேகம்பேட்டுக்கு வந்து இறங்கினார்.

"யாரைப் பார்க்கணும்?" என்று சுந்தரேசன் விசாரித்தார்.

"எம் பொண்டாட்டிய. அதுக்கு முன்னால அவ யாருன்னு தெரியணும்."

"ஸ்டெல்லா சங்கர்."

"அவ பேரு ஸ்டெல்லா தேவசகாயம் சார். நாகர்கோவில் சர்ச்சுல வச்சுக் கட்டிருக்கேன். பிஷப்பு கையெழுத்துப் போட்டுருக்காரு."

"அது உங்க ரிகார்டு. நான் எங்க ரிகார்டைச் சொல்றேன்."

"சரி. உங்க ரிகார்டுப்படி இந்தச் சங்கர் தம்பி எனக்கு என்ன வேணும்?"

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஸ்டெல்லா தலையில் கை வைத்தபடி நின்றாள். சங்கர் அவளுக்குப் பின்னால் மறைந்து நின்றான். வேதாவும் இளங்கோவனும் விதிப்படி ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சுந்தரேசன் நேர்மையானவர். கேள்வி என்று வந்துவிட்டால் விதியைக் கடைசிவரை பின்தொடர்ந்து போகாமல் அவரால் இருக்க முடியாது.

"டெக்னிகலாப் பார்த்தா," என்றார் மெதுவாக, "அவரும் உங்களுக்குப் பாதி வீட்டுக்காரம்மா."

சங்கர் முன்னால் வந்துவிட்டான். "சார், ஊர்ல எனக்குப் பொண்ணு பாத்துட்டிருக்காங்க சார்."

"பார்க்கட்டும் தம்பி. ஆனா கல்யாணம் ஆகாதவர்னு சர்டிபிகேட் கேட்டா, எங்களால பாதிதான் குடுக்க முடியும்."

"எங்க சபைல ஒருத்திதான் சார் கெட்டலாம்," என்றார் தேவசகாயம். "ஒண்ணரைக்கு எடமே கிடையாது. நாளைக்கே ஆளனுப்பி உங்க மெஷினக் கழத்திக்கிடுங்க. ஒரு தட்டுச் சோறு எடுக்கதுக்கு நான் இன்னொருத்தனோட பொண்டாட்டியப் பங்கு போட முடியாது."

"ஏங்க, பொண்டாட்டி நாந்தான்," என்றாள் ஸ்டெல்லா.

"நீ பேசாதட்டீ. இப்பப் பேசுதது நீயா அந்தத் தம்பியான்னே எனக்குக் கொழப்பமா இருக்கு."

மெஷினைக் கழற்றுவது என்ற சொல் மூன்றாம் மாடிவரை போயிற்று. அந்த இயந்திரமும் போய்விட்டால், போஜன்டெக் பார்த்த மூன்றிலும் நல்லதை யாருமே பயன்படுத்தவில்லை என்று ஆகிவிடும். ஷ்யாம் படியிறங்கி ஓடி வந்து, ஜோடித் திட்டம் அந்த நிமிஷத்தோடு முடிந்தது என்று தேவசகாயத்தின் கையைப் பிடித்துச் சொன்னார். அன்றே மேலிடத்திலிருந்து அடுத்த உத்தரவும் வந்தது. கல்யாணம் ரத்து.

பிரிவுக்கும் விழா வைத்தார்கள். கணினிகளிலிருந்து மாலையை எடுத்தார்கள். நீலக் கேபிளின் மூன்று முடிச்சுகளும் இறுகிப்போயிருந்ததால் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. ஷ்யாம் அதே கையை ஏந்திப் பேசினார்.

"உண்மையும் அழகும் தள்ளித் தள்ளி இருந்தாத்தான் ஒண்ணு மேல ஒண்ணுக்கு மரியாதை இருக்கும். இந்தியாவிலேயே இதைக் கண்டுபிடிச்ச முதல் கம்பெனி நாமதான். இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சா இன்னும் மரியாதை. அதனால விளம்பர எழுத்துத் துறை என்னோட குர்கானுக்குப் போறது. தொழில்நுட்ப எழுத்து இங்கேயே இருக்கும்."

கைதட்டினார்கள். இந்தத் தடவை மைசூர்பாகு.

இளங்கோவன் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் மூன்றாம் மாடிக்காரன். வேதா அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். அது விதிக்காக அல்ல.

மத்தியானம் சுந்தரேசன் அறைமுன் வரிசை நின்றது. சேர்க்கப்பட்ட ஊழியர்களைப் பிரிக்கும் வேலை நடந்தது. ஊழியரின் வாய்மொழிச் சம்மதம் இல்லாமல் ஊழியரைப் பிரிக்கக் கூடாது என்று விதி இருந்தது. ஆகவே ஒவ்வொரு ஜோடியும் உள்ளே போய் 'நாங்கள் இரண்டு பேர்' என்று சொன்னால் போதும். ஸ்டெல்லாவும் சங்கரும் கதவைத் திறக்கும்போதே கோரஸாகச் சொல்லிவிட்டு ஓடினார்கள்.

கடைசியாக வேதாவும் இளங்கோவனும் உள்ளே போனார்கள். ஒரு நாற்காலிதான் போட்டிருந்தது. வேதா உட்கார்ந்தாள். இளங்கோவன் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தான்.

"சொல்லுங்கம்மா," என்றார் சுந்தரேசன். "ரெண்டு பேருதானே?"

"இல்லையே சார்," என்றாள் வேதா.

சுந்தரேசன் நிமிர்ந்தார். "பக்கத்துல உக்காந்திருக்கறது யாரு?"

வேதா இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். "நான் தனியாத்தான் சார் வந்தேன்."

சுந்தரேசன் இளங்கோவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி."

"இப்பத்தான சார் சொன்னேன்," என்றான் இளங்கோவன்.

மனிதவளத் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஃபேன் சுற்றுவதைப் பார்த்தார். பிறகு வேதாவை, பிறகு அவள் தோளில் இருந்த இளங்கோவனின் கையை.

"நான் வந்து சாப்ட்ட கல்யாணம்மா அது. ரெண்டு மாலை பார்த்தேனே."

"அது வேற ரிகார்டு சார்," என்றாள் வேதா பணிவாக.

"குர்கான்ல புரமோஷன் இருக்கு."

"ஒரே ஆளு எப்படி சார் ரெண்டு ஊர்ல இருக்க முடியும்? ரூல்ல இடம் இருக்கா?"

இல்லை. சுந்தரேசனுக்கு அது நன்றாகத் தெரியும். எழுந்து பீரோ பக்கம் போனார். வழக்கம்போல விதிப் புத்தகத்தை எடுக்கப் போகிறார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர் எடுக்கவில்லை. பீரோமேல் சாய்ந்து நின்று, யாருக்கோ பயந்தவர் போலக் கதவைப் பார்த்துக்கொண்டார்.

"இப்படி ஒரு ஆளை எந்த டிபார்ட்மென்ட்ல சேர்க்கறது?"

"ஹைதராபாத்ல இருக்கற டிபார்ட்மென்ட்ல சார்."

"ஹவ்," என்றார் சுந்தரேசன். "ஒரு ஆளுன்னா ஒரு ஊருதான். ரூல் கரெக்ட்டா இருக்கு. ஷ்யாம் கேட்டா நான் பார்த்துக்கறேன். ஊழியர் சம்மதிக்கலைம்மா, நான் என்ன பண்ணட்டும்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "என் வீட்டுக்காரியும் ஒரு வருஷம் பம்பாய்ல இருந்தா. போங்க, போங்க. நேரமாச்சு," என்றார்.

இருவரும் ஒட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். படியில் இறங்கும்போது வேதாவுக்கு ஏதோ ஞாபகம் வந்தது.

"ஏங்க, கேஸ் சிலிண்டர் புக் பண்ணீங்களா?"

"மறந்துட்டேனே."

வேதா வாயைத் திறந்தாள். கீழே வாசலில் காவலாளி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டாள். இளங்கோவனும் வாயை மூடிக்கொண்டான். சங்கடமான ஒரு புன்னகையோடு, ஒரே அட்டையைக் காட்டி, ஒரே ஆளாக வாசலைக் கடந்தார்கள். சந்தைத் தாண்டினார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். அலுவலகத்து ஜன்னல் ஒன்றும் அங்கிருந்து தெரியாது என்று வேதா ஒரு தடவை திரும்பிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டாள். பிறகு கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அவனுக்கு எதிரே போய் நின்று, மூச்சு விடாமல் தொடங்கினாள். அவனும் விடவில்லை. சனத்நகர் பஸ் வந்து போனதைக்கூடக் கவனிக்காமல், சந்தோஷமாக, இரண்டு பேராக, நடுத்தெருவில் சண்டை போட்டார்கள்.